ஒரகடத்தில் பன்னிரண்டு வாய்

“…அதனால பேசிக்கிட்டே எழுதக் கூடாது, பெரியம்மா. அவரு எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, வீட்டுல இன்னைக்கு என்ன குழம்பு, ஒண்ணும் கேக்கக் கூடாது. நான் வாயப் பாத்து நம்பர் சொல்லுவேன். அந்த நம்பர் மட்டும்தான் தாள்ல ஏறணும்.”

என் தங்கை மகள் கௌசல்யா இப்படி எனக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் இருந்தோம். காலை ஐந்தே முக்கால். ஆட்டோவில் எங்களோடு எட்டு பேர். என் மடியில் வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக்குச்சிகள் இருந்த அட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியின் மேல் யாரோ ஒரு பெண்ணின் சாப்பாட்டுக் கூடை. அவள் தன் கூடையை என் மேல் வைத்ததற்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், “உன் மடி நல்லா கெட்டியா கீது, அக்கா” என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

சங்கரன்கோவிலில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். படிப்பு எட்டாவது. அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷினிலிருந்து தாள் வெளியே வரும் நேரத்துக்குள் படித்துக்கொண்டதுதான். பத்திரம், தீர்ப்பு, மருத்துவ அறிக்கை, காதல் கடிதம்கூட ஒருமுறை. கையெழுத்து மணிமணியாக இருக்கும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் கௌசல்யா என்னைக் கூப்பிட்டாள்.

அவள் பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு அதற்கு மேலே மூன்று வருஷப் பட்டம் படிக்கிறாள். பொது சுகாதாரப் பல் மருத்துவம். “எந்தப் பல்லுட்டி அது? கடவாயா, முன்வாயா?” என்று ஆரம்பத்தில் நான் கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய ஆய்வு, மாறி மாறி ஷிப்ட் பார்க்கிற தொழிலாளிகளுக்குப் பல் எப்படி இருக்கிறது என்பது. ஒருவர் வாயைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். அவளோடு எழுதிக்கொண்டிருந்த தோழிக்கு அம்மை போட்டுவிட்டது. கம்பெனி கொடுத்திருந்ததோ ஐந்தே நாள் அனுமதி. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் பரீட்சை. “நீங்க வந்தாத்தான் உண்டு, பெரியம்மா” என்றாள். கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

என் தம்பி துபாய் போனான், பக்கத்து வீட்டுக்காரி சிங்கப்பூர் போனாள். நான் போன வெளிநாடு ஒரகடம்தான். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

முதல் நாள் அந்தச் சாலையில் இறங்கி நின்றதும் எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத்தான் அவ்வளவு வண்டி பார்த்திருக்கிறேன். இங்கே தினம் தபசு. வெள்ளைப் பேருந்து, நீலப் பேருந்து, மஞ்சள் கோடு போட்ட பேருந்து, ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு வருகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே நிறச் சட்டை போட்ட ஐம்பது அறுபது பேர் இறங்குகிறார்கள். இரவு வேலை முடித்த ஐம்பது அறுபது பேர் அதே இருக்கையில் ஏறி, சூடு ஆறுவதற்குள் தூங்கிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் புத்தம்புதுக் கார்கள் ஒரு நீள லாரியின் முதுகில் இரண்டடுக்காக ஏறிப் போகின்றன. ஓடுவதற்கென்றே செய்த சாமான் சவாரி போவதை அன்றுதான் பார்த்தேன். ஒரு பெயர்ப்பலகையில் தமிழ், கீழே இங்கிலீஷ், அதற்கும் கீழே வட்டமும் கட்டமுமாக ஒரு எழுத்து. கொரியாக்காரர்களின் சாப்பாட்டுக் கடையாம்.

“இன்னா பாக்குற, அக்கா?” என்று ஆட்டோக்காரர் கேட்டார். “இவ்வளவு கூட்டமும் எங்க தங்குது?” என்றேன். அவர் சில்லறையைக் கொடுத்துக்கொண்டே, “இந்த ரோட்டுல எவனும் தங்கறதில்ல. ஒருத்தன் எழுந்துக்குற பாயில இன்னொருத்தன் படுத்துக்குவான். பாய் மட்டும்தான் இங்க பர்மனென்ட்டு” என்றார். சொல்வழக்கு எழுதுகிற என் சின்ன நோட்டில் அன்று முதலில் ஏறியது அதுதான்.

காலைச் சாப்பாடு கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில். இட்லிக்கு வடகறி. வடையை உடைத்துக் குழம்பாக்குவது எங்கள் பக்கம் இல்லாத சங்கதி. மீந்த வடைக்கு இப்படி ஒரு மறுபிறவியா என்று கேட்டேன். வண்டிக்கார அம்மா, “மீந்ததுன்னு யாரு சொன்னது? இது இதுக்குன்னே சுட்டது” என்று முறைத்தார். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். வண்டிக்குத் தேவையான ஏதோ ஒரு பாகம் செய்கிறார்கள். எங்களுக்கு ஒரு பயிற்சி அறையைக் கொடுத்திருந்தார்கள். போகிற வழியில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் ஆரஞ்சு நிற இரும்புக் கைகள் குனிந்து, நிமிர்ந்து, தீப்பொறி பறக்க எதையோ ஒட்டவைத்து, ஒன்றுக்கொன்று இடிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கு அந்த ஒழுங்கு வராது. கௌசல்யா என் முழங்கையைப் பிடித்து இழுக்காவிட்டால் ஐந்து நாளும் அங்கேயே நின்றிருப்பேன்.

வேலையைச் சொல்கிறேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. தொழிலாளி உட்கார்ந்து தலையைச் சாய்க்க வேண்டும். கௌசல்யா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாய்க்கண்ணாடியும் நுனியில் குண்டூசித்தலை மாதிரி உருண்டை உள்ள ஒரு கம்பியுமாகப் பார்ப்பாள். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்கத்தில் ஒரு கதவு எண் உண்டு. முதல் இலக்கம் தெரு, இரண்டாவது வீடு. வாய்க்குள் நாலு தெரு, தெருவுக்கு எட்டு வீடு. அவள் வீட்டு எண்ணைச் சொல்லி, பிறகு உள்ளே இருக்கிற நிலவரத்தைச் சொல்லுவாள். நல்ல பல் என்றால் ஜீரோ. சொத்தை என்றால் ஒன்று. அடைத்த பல், விழுந்த பல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். “ஒன் செவன், ஜீரோ. ஒன் சிக்ஸ், ஒண்ணு.” நான் கட்டத்தில் போட வேண்டும். ஒரு மனிதனின் முப்பத்திரண்டு வீடும் நாலு நிமிஷத்தில் என் தாளில் குடிவந்துவிடும்.

முதல் ஆள் மோகன். மணிமங்கலத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், லைனில் பழைய ஆள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

“இன்னா மேடம், இந்தக் கம்பெனில வாயத் தொறந்தா மெமோ குடுப்பானுங்க. நீங்க இன்னாடான்னா நல்லா தொற, நல்லா தொறன்றீங்கோ.”

அறையே சிரித்தது. வரிசையில் நின்றிருந்த ஒருவன், “அண்ணே, உன் வாய அளக்கறதுக்கு டேப்பு எடுத்தாந்திருக்காங்களான்னு கேளு” என்றான். கௌசல்யாவும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும், அவருடைய கீழ்த்தாடை இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் கம்பியை வைத்து, “த்ரீ சிக்ஸ்…” என்று இழுத்து, கொஞ்சம் யோசித்து, “ஒண்ணு” என்றாள். போட்டேன்.

ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். அவர்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். சபிதா என்கிற பெண்ணுக்குத் தமிழ் வரும். என்னவென்று கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மொழிபெயர்த்தாள்: “எங்க ஊர்ல மாடு வாங்க வர்றவங்கதான் இப்படிப் பல்லைப் புடிச்சுப் பாப்பாங்களாம். நம்மள எந்தச் சந்தைக்கு ஓட்டிப்போவாங்களோன்னு கேக்குறா.” எங்கள் ஊர்ச் சந்தையிலும் அப்படித்தான் என்றேன். அதை அவள் திருப்பி அவர்களுக்குச் சொல்ல, ஆயிரம் மைல் தள்ளியிருக்கிற இரண்டு மாட்டுச் சந்தைகள் அந்த அறையில் கைகுலுக்கிக்கொண்டன.

இரண்டாம் நாள் மத்தியானம் கேன்டீனில் சாப்பிடும்போது கௌசல்யாவைக் கேட்டேன். “ஏட்டி, சொத்தைன்னு எழுதுதோமே, ஒரு பல்லையும் அடைக்க மாட்டேங்கியே. இது என்ன வைத்தியம்?”

அவள் சாம்பாரில் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். “ஒரு பல்ல அடைக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும், பெரியம்மா. இந்த ரோட்டுல வேலை பாக்குறவங்க பல்லையெல்லாம் அடைக்கணும்னா எனக்கு ஏழு பிறவி பத்தாது. ஆனா ஏன் சொத்தையாகுதுன்னு கண்டுபிடிச்சிட்டா? நைட் ஷிப்டுல தூக்கம் வராம இருக்க இனிப்பு டீயா, பிஸ்கட்டா, வாய்க்குள்ள அடக்குற மாவா புகையிலையா? இல்ல, டாக்டர் கடை தொறந்திருக்க நேரமெல்லாம் இவங்க லைன்ல நிக்காங்களே, அதா? அதக் கண்டுபிடிச்சி, இந்தக் கேன்டீன் பக்கத்துல ஒரு பல் நாற்காலி போடுங்கன்னு கம்பெனிகிட்ட கேக்கணும்னா, கையில சரியான கணக்கு இருக்கணும்.”

சோற்றுக் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால்பல் விழுந்தபோது கூரையில் எறியச் சொல்லி அழுத பிள்ளை. ஒரு வாய்க்கு வைத்தியம் பார்க்கிறவரைத் தெரியும், ஊர் வாய்க்கு வைத்தியம் பார்ப்பதென்று ஒரு படிப்பு இருப்பதை எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசைதான் சொன்னது.

மூன்றாம் நாள் மழை. செம்பரம்பாக்கம் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் நின்றுவிட்டது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். கண்ணாடிக்குச்சிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான், தாள்களைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு அவள். “தாள் நனைஞ்சா நான் செத்தேன்” என்றாள். ஒரு தாள்கூட நனையவில்லை. நனைந்தது நாங்கள்தான். அன்றும் முப்பது வாய் முடித்தோம்.

நாலாம் நாளோடு நூற்றிருபது பேர் ஆகிவிட்டார்கள். அன்று பிற்பகல் கௌசல்யா ஒரு புதிய வேலை சொன்னாள். பத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரைத் திரும்பக் கூப்பிட்டு, முதலில் என்ன சொன்னோம் என்பது தெரியாமல், மறுபடியும் முழு வாயையும் பார்ப்பாளாம். எதற்கு என்று கேட்க நேரமில்லை, ஆட்கள் வந்துவிட்டார்கள். “பழைய தாளப் பாத்து ஆளோட நம்பர மட்டும் எடுத்து எழுதிட்டு மூடி வச்சிருங்க” என்றாள்.

நான் மூடவில்லை. புதுத் தாளுக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் என் கடை. முப்பது வருஷமாக மனு எழுதுகிறவர்களுக்கு நான் செய்கிற உபகாரம் ஒன்று உண்டு. ரேஷன் அட்டையில் ‘மாரியம்மாள்’, ஆதாரில் ‘மாரியம்மா’ என்று இருந்தால் அந்த ஒரு புள்ளி எழுத்துக்காக ஒரு கிழவி ஆறு மாதம் அலைவாள். இரண்டு தாளில் இரண்டு விதமாக இருந்தால் அரசாங்கம் ஒரு ஆளை இரண்டு ஆளாக்கிவிடும். அதனால் கையில் எந்தத் தாள் வந்தாலும் முதல் தாளோடு ஒத்துப்பார்த்து, கேட்காமலே சரி செய்துவிடுவது என் பழக்கம். எத்தனையோ பேர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

மோகன் இரண்டாம் முறை உட்கார்ந்தார். கௌசல்யா, “த்ரீ சிக்ஸ், ஜீரோ” என்றாள். அடியில் இருந்த தாளைப் பார்த்தேன். ஒன்று. பிள்ளை நாலு நாளாக நின்றுகொண்டே குனிந்து பார்க்கிறது, கண் அயர்ந்துபோயிற்று என்று நினைத்தேன். ஒன்று என்றே போட்டேன். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பன்னிரண்டு பேரிலும் நடந்தது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு ஓர் ஒத்தாசை செய்துவிட்ட நிறைவு எனக்கு.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். நாங்கள் எடுத்திருந்த அறையில் அவள் மடிக்கணினியில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் தோசைக்குத் தக்காளிச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

“பெரியம்மா, ஒண்ணு வந்திருக்கு.”

“என்ன ஒண்ணு?”

“நான் முதல்ல பாத்ததும் ரெண்டாவது பாத்ததும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு ஒரு கணக்கு. முழுசா ஒத்துப்போனா ஒண்ணு. எனக்கு முழு ஒண்ணு வந்திருக்கு.”

“பெறவு என்ன! திருஷ்டி சுத்திப் போடணும்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “இவ்வளவு சரியா யாருக்கும் வராது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மோகன் அண்ணனுக்கு த்ரீ சிக்ஸ் இன்னைக்கு ஜீரோன்னு சொன்னேன். சந்தேகப்பட்டுத்தான் சொன்னேன். தாள்ல ஒண்ணுன்னு இருக்கு.”

மிக்ஸியை நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்றும் சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. “எந்தெந்த இடம்னு ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். நாலைந்து சொன்னேன். அதற்கு மேல் நினைவில்லை. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் கிட்டே போய் உட்கார்ந்தேன். “விட்டுரேன், தாயி. முழு ஒண்ணுன்னா நல்லதுதானே? யாருக்குத் தெரியப் போகுது?”

அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உங்க கடையில அசல் இல்லாம நகல் எடுப்பீங்களா?”

“எப்படி எடுக்க?”

“இங்க அசல் எது? நீங்க முதல் தாள அசல்னு நெனச்சிட்டீங்க. அசல் அவங்க வாய்தான், பெரியம்மா. முதல் தாளும் நகல்தான், ரெண்டாவது தாளும் நகல்தான். ரெண்டையும் எடுத்த மெஷின் நான். இந்த மெஷின் எவ்வளவு தப்பு பண்ணுதுன்னு பாக்கத்தான் ரெண்டாவது தடவ பாக்குறோம். அந்தத் தப்ப நாங்க மறைக்க மாட்டோம். இவ்வளவு தப்பு வரும்னு ஆய்வேட்டுலயே எழுதுவோம். அதப் பாத்துத்தான் மத்த நூத்திச்சொச்சம் பேரோட கணக்க நம்பலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க.”

முப்பது வருஷத்தில் என் கடைக்கு எத்தனையோ பெரிய மனிதர்களின் தாள்கள் வந்திருக்கின்றன. தான் எவ்வளவு தப்பு செய்வேன் என்று தானே அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற தாள் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது, அதை என் தங்கை மகள் படிக்கிறாள். இரும்புக் கைகளைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை. அந்தப் படிப்பைத்தான் நான் பேனா நுனியால் கெடுத்து வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை. பன்னிரண்டு பேரையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும், இருப்பதோ அந்த ஒரு நாள். போனால் எங்கள் அறைக் கதவில் பூட்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் யாரோ ஆலையைச் சோதிக்க வந்திருக்கிறார்களாம், அறை அவர்களுக்கு. மனிதவள அதிகாரி நல்ல மனுஷி. கையைப் பிசைந்தார். “லைன்ல இருந்து ஒரு ஆளைக்கூட இன்னைக்கு எடுக்க முடியாது, டாக்டர். பிரேக் நேரத்துல நீங்க என்ன செஞ்சாலும் அது உங்களுக்கும் அவங்களுக்கும் இடையில.”

கௌசல்யா கேன்டீன் வாசலில் நின்றாள். டீ குடிக்க வந்த மோகனிடம் நடந்ததைச் சொன்னாள். நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொன்னாள். எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது.

மோகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அக்காவ், நீ பாஸ் மார்க் போட்டுக்கினே போயிக்கீறியே! எங்க லைன்ல இதப் பண்ணியிருந்தா உன்ன வூட்டுக்கு அனுப்பிட்டிருப்பானுங்க. செக் பண்றவன் பழைய ரீடிங்கப் பாத்து எழுதினா, வண்டி ரோட்டுல போய் நின்னுடும்.” பிறகு கௌசல்யாவிடம், “கவலப்படாதீங்க மேடம். பன்னெண்டு பேர்தானே? நான் இட்டாரேன்” என்றார்.

எனக்குப் புரியாமல் போனது அவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீன் மூலையில், ஒரு நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு எட்டு பேரை முடித்தோம். அதற்கு முன் கௌசல்யா பழைய தாள்களையெல்லாம் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். அட்டையையும் பேனாவையும் என்னிடமே நீட்டினாள். “வேற யாரையாவது வச்சுக்கோட்டி” என்றேன். “உங்க கையெழுத்துதான் எனக்குப் புரியும். உக்காருங்க” என்றாள். சபிதா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தாள். கூட வந்த பெண் ஏதோ சொன்னாள். சபிதா மொழிபெயர்த்தாள்: “சந்தையில விலை படியலியா, திரும்பவும் பாக்குறாங்களேன்னு கேக்குறா.”

மீதி நாலு பேரும் மணிமங்கலம் பேருந்தில் போகிறவர்கள். ஷிப்ட் முடிந்து பேருந்து புறப்பட இருபது நிமிஷம் இருக்கும், அதற்குள் உள்ளேயே பார்த்துவிடலாம் என்றார் மோகன். ஏறினோம். கடைசி இருக்கையில் ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர். மூன்றாமவர் வாயை மூடுகிறார், வண்டி நகர்கிறது. கௌசல்யா கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்றாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “யாரும்மா அது? கம்பெனி ஆளுங்க இல்லாம யாரும் ஏறக் கூடாது” என்றார். “ஏறிட்டாங்களே, இன்னா பண்ணச் சொல்ற? பின்னாடி அம்பது வண்டி நிக்கிது, ஓட்டு” என்று மோகன் தீர்ப்புச் சொன்னார். ஓடுகிற வண்டியில் வாய்க்குள் கம்பியை விட முடியாது. மோகன் ஒருவர்தான் பாக்கி. நாங்களும் மணிமங்கலம் போனோம். படப்பை வரைக்கும் பேருந்து முழுக்க என்னைத் தவிர எல்லோரும் தூங்கினார்கள்.

மணிமங்கலம் நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. மேற்கு வெயில் நேரே மோகன் வாய்க்குள் விழுகிற மாதிரி அவரை உட்காரவைத்தாள். புதுக் கையுறை, புதுக் கண்ணாடி. சுற்றி ஒரு கூட்டம். “மோகனுக்கு இன்னா ஆச்சு?” “ஒண்ணுமில்ல, அவன் வாய ரிப்பேர் பண்றாங்க.” “அது இந்த ஜென்மத்துல ஆவாது.”

தெருத்தெருவாக வந்து, கீழ் இடப்பக்கத்துக்கு வந்தாள். அந்தப் பல்லின் மேல் உருண்டை நுனியை வைத்து மெதுவாக இழுத்தாள். மறுபடி இழுத்தாள். நான் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக் காத்திருந்தேன்.

“த்ரீ சிக்ஸ், ஜீரோ.”

ஜீரோ போட்டேன்.

கடைசிப் பல்லும் முடிந்ததும் மோகன் தாளை எட்டிப் பார்த்தார். “முதல் நாளு சொத்தைன்னீங்கோ, இப்ப நல்லா கீதுன்றீங்கோ. பல்லு இன்னா தானா சரியாயிடுச்சா?”

“பல்லு மாறலண்ணே. அதுல ஒரு கறை இருக்கு. என் கண்ணு முதல்ல அத சொத்தைன்னு எடுத்துக்கிச்சு” என்றாள் கௌசல்யா. “அதையும் எழுதிக்குறோம்.”

“அத்த எழுதினா உங்களத் திட்டமாட்டாங்களா?”

“எழுதாட்டித்தான் திட்டணும்.”

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். “எங்க சூப்பர்வைசர ஒரு நாளிக்கு உங்க காலேஜுக்கு அனுப்புறேன், மேடம்” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு டீ சொல்லப் போனார்.

பெஞ்சிலேயே அவள் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்று வரவில்லை. ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. “நம்பலாம்” என்றாள். ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் தோள் இறங்கிற்று.

எனக்கும் மூச்சு வந்தது. வந்த மூச்சிலேயே, “நேத்து நான் எழுதின தாள் பன்னெண்டையும் கிழிச்சுப் போட்டிருவோம், தாயி. இப்பத்தான் எல்லாம் சரியாப்போச்சே. உங்க மேடத்துக்கு எதுக்குச் சொல்லணும்? ஒருவேள இந்த வார வேலையே செல்லாதுன்னு சொல்லிட்டாங்கன்னா? ஆறு மாசம்டி” என்றேன். அவளுடைய பேராசிரியை கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவள் போனில் பேராசிரியையின் பெயரைத் தேடி அழுத்தினாள். தள்ளிப் போகாமல் என் பக்கத்திலேயே நின்று பேசினாள்.

“மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. ரெண்டாவது தடவை பாத்த தாள்கள்ல எண்கள் மாறியிருக்கு. எழுதுறவங்ககிட்ட ஏன் ரெண்டாவது தடவை பாக்குறோம்னு நான் சொல்லிக்குடுக்கல, பழைய தாள நானே அவங்க கையில குடுத்துட்டேன். என் தப்புதான், மேடம். இன்னைக்கு பன்னெண்டு பேரையும் மறுபடி பாத்திருக்கேன், வேற வேற இடத்துல வச்சு.”

மறுமுனையில் நெடுநேரம் பேச்சு. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருந்துகள் வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போய்விட்டன. “சரி, மேடம்” என்றாள். அப்புறம் இன்னொரு “சரி, மேடம்.” போனை வைத்துவிட்டு, “தாளையெல்லாம் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்களாம்” என்றாள்.

பையின் ஜிப்பைத் திறந்து நேற்று நான் கெடுத்த பன்னிரண்டு தாள்களை எடுத்தாள். ஒவ்வொன்றின் மேலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். அடியிலிருக்கிற எண்கள் தெரிகிற மாதிரி, மெல்லிய கோடுதான். பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு புதுத் தாளுக்குப் பின்னாலும் அந்தந்த ஆளின் கோடு போட்ட தாளை வைத்து, ஸ்டேப்ளரால் ஒவ்வொன்றாகக் குத்த ஆரம்பித்தாள்.